நரி கிண்டிய எள்ளுப்பொட்டலம்

என் அக்காவைச் சூனியக்காரி என்று சொன்னார்கள். லண்டனில், செவன் கிங்ஸில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீடுகள் நிற்கிற ஒரு ரோட்டில், எண்பதுகளின் கடைசியில் சொன்னார்கள். சொன்னவர்கள் வெள்ளைக்காரர் இல்லை. எங்கள் சனம். எங்களோடு படித்து, எங்கள் கோயில் தேரை இழுத்து, எங்கள் வீட்டில் சோறு தின்ற சனம். அதில் ஒருவன் என் சொந்த அண்ணன். மூத்தவனை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எனக்குக் கை வரவில்லை.

அந்தச் சனத்தில் பலர் இப்போது கல்யாண மண்டபங்களில் என்னைக் கண்டால் சிரிக்கிறார்கள். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், வீடு வாங்கியாச்சா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். அக்காவைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அக்காவின் புருஷனை, எங்கள் அத்தானை, ஆமிக்காரர் பிடித்தது யாழ்ப்பாணத்தில் ஒரு சந்தியில். பஸ்ஸை மறித்து ஆண்களை இறக்கி, வெயிலில் முழங்காலில் இருத்தி, கொஞ்சப் பேரை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அக்கா ஒவ்வொரு முகாம் வாசலிலும் போய் நின்றாள். அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்றார்கள். செத்துவிட்டான் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தச் சொல் வராததால் அக்கா பொட்டை அழிக்கவில்லை. எங்களில் புருஷன் செத்தால்தான் பொட்டை அழிப்பார்கள். லண்டனுக்கு வந்து இறங்கியபோதும் அவளுடைய நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு இருந்தது. குளிரில் உதடு வெடித்துப் போய், கண் உள்ளே போய், பொட்டு மட்டும் பளிச்சென்று இருந்தது.

அவளை லண்டனுக்கு எடுத்துவிட்டது அண்ணன்தான். அதை நான் மறைக்கவில்லை. செவன் கிங்ஸில் அவன் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் பின்னறையை அவளுக்குக் கொடுத்தான். நான் கல்யாணம் முடித்து லண்டனின் மற்றக் கரையில், தோர்ண்டன் ஹீத்தில் இருந்தேன். இரண்டு ரயில் மாறி, பஸ்ஸும் பிடித்து அவளைப் பார்க்கப் போவேன்.

அண்ணிக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அண்ணி சாப்பாடு பொதி பண்ணும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். பிரசவ லீவு முடிந்ததும் திரும்பப் போய்விட்டாள். அண்ணன் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். ஆகவே குழந்தையை வளர்த்தது அக்கா. பால் கரைத்தது, குளிக்க வார்த்தது, பல் முளைக்கிற நேரம் தோளில் போட்டுக்கொண்டு அறைக்கும் குசினிக்குமாக நடந்தது எல்லாம் அவள்தான். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குழந்தையைத் தூக்கிய பிறகு அவளுடைய முகத்தில் சதை வைத்தது. குழந்தைக்கும் அவளை விட்டால் ஆள் இல்லை. தாய் வேலையால் வந்து கையை நீட்டினால், திரும்பி அக்காவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைக்கும். அண்ணி சிரித்துக்கொண்டுதான் நிற்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

ஒரு கிறிஸ்தவச் சபைக்கு அண்ணனையும் அண்ணியையும் முதலில் கூட்டிப்போனது அண்ணியோடு வேலை செய்த ஒருத்தி. குட்மேய்ஸில் ஒரு சின்ன மண்டபம், வாடகைக்கு எடுத்தது. மற்ற நாட்களில் அங்கே கராட்டி வகுப்பு. மூலையில் அடுக்கியிருந்த பாய்களில் கால் மணக்கும். சபை கெட்ட சபை என்று தொடங்கவில்லை. புதிதாக வந்த சனத்துக்குக் கம்பளி கொடுத்தார்கள், கவுன்சிலில் போய்க் கதைத்தார்கள், ஆஸ்பத்திரியில் மொழிபெயர்த்தார்கள். கோயில்காரர் அப்போது அதைச் செய்யவில்லை. எனக்குப் படிப்பித்த நல்ல ஆசிரியைகள் எல்லோரும் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். வேதத்தோடு எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் இந்தச் சபை போகப் போக இறுகியது. படம் பார்க்கக் கூடாது. பாட்டுக் கேட்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. காதில், கழுத்தில் ஒன்றும் கூடாது. தீபாவளிக்கு ஒருவர் பலகாரம் தந்தால் வாங்கக் கூடாது. அண்ணன் ஒரு நாள் டிவியைத் தூக்கிக்கொண்டுபோய் நடைபாதையில் வைத்தான். அக்காவுக்கு அந்த டிவியில்தான் நேரம் போகும். இங்கிலீஷ் விளங்காது, ஆனாலும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தோட்டம் செய்கிற நிகழ்ச்சியைப் பார்ப்பாள். டிவியை அடுத்த தெருப் பெடியன்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எல்லாவற்றையும் விட மோசம் சாட்சி சொல்லுதல். ஒவ்வொரு ஞாயிறும் எழும்பி, கர்த்தர் அந்தக் கிழமை தனக்கு என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். முதலில் உண்மையாகத்தான் சொன்னார்கள். விசா கிடைத்தது, காய்ச்சல் மாறியது என்று. ஆனால் ஏழைச் சனத்துக்கு ஒவ்வொரு கிழமையும் அற்புதம் நடக்குமா? சாட்சி இல்லாதவர்களைப் பாஸ்டர் ஒரு மாதிரிப் பார்ப்பார். உள்ளே பாவம் இருந்தால் வாய் அடைபடும் என்பார். அதற்குப் பிறகு ஒருவருக்கும் வாய் அடைபடவில்லை. கனவு கண்டேன் என்றார்கள். கறுத்த உருவம் வந்து கட்டிலில் இருந்தது என்றார்கள். ஒருத்தி சொன்னதை மற்றவள் வெல்ல வேண்டும்.

அக்கா சபையில் சேரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்க ஆள் வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போவார்கள். கடைசி வரிசையில் இருப்பாள். முழு மண்டபத்திலும் பொட்டோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். பாஸ்டரம்மா அவளிடம் பொட்டைப் பற்றிப் பலமுறை சொன்னா. அதை அழித்தால் இரட்சிப்பு என்றா. அக்கா குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டு இருப்பாள். பிறகு என்னிடம் சொன்னாள்.

"அவவுக்கு அது பொட்டு. எனக்கு அவர் இருக்கிறார் எண்டதடி."

புரட்டாதிச் சனி வந்தது. எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் நான் இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு எல்லோருக்கும் மறந்து போய்விட்டது. சனி தோஷம் உள்ளவர்களுக்காகப் புரட்டாதிச் சனிக்கிழமைகளில் விரதம் பிடிப்பார்கள். கறுத்தத் துணியில் ஒரு பிடி எள்ளை முடிந்து, பொட்டலமாக்கி, நல்லெண்ணெயில் ஊறவைத்து, சிரட்டையிலோ சட்டியிலோ வைத்துக் கொளுத்துவார்கள். சமைத்த சோற்றில் முதல் பிடியைக் காகத்துக்கு வைத்துவிட்டு, காகம் எடுத்த பிறகுதான் தாங்கள் சாப்பிடுவார்கள். எங்கள் அம்மா அண்ணனுக்குச் செய்தா. அவன் பெரிய பரீட்சை எடுத்த வருஷம் அவனுக்குச் சனி கூடாது என்று சாத்திரி சொல்ல, புரட்டாதி முழுக்கக் கோயிலில் போய் எரித்தா. அண்ணன் பக்கத்தில் நின்று கும்பிட்டான். சட்டிப் புகையில் அவனுக்குக் கண் எரிந்ததும், கோயில் வாசலில் தண்ணீர் கேட்டுக் கத்தியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அக்கா அத்தானுக்காகச் செய்தாள். அவருடைய சாதகத்தில் ஏழரைச் சனி. சனி விலகினால் ஆள் வருவார் என்று அவளுக்கு நம்பிக்கை. இங்கே அவளுக்குத் தெரிந்த கோயில் தூரம், ஒற்றையாகப் போகத் தெரியாது. ஆகவே பின்வளவில் செய்தாள். பழைய கறுத்தச் சட்டை ஒன்றைக் கிழித்துப் பொட்டலம் கட்டினாள். பால் கரைக்கிற பழைய அலுமினியச் சட்டியில் வைத்துக் கொளுத்தினாள். மதிலில் சோறு வைத்தாள். லண்டன் காகத்துக்கு வழமை தெரியாது, அணில்தான் முதலில் வரும். அணிலைக் கலைத்துக் கலைத்து, ஒரு காகம் வந்து கொத்தும்வரை குசினி வாசலில் பட்டினியாக நிற்பாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, என்ன எரிக்கிறாய் என்று கேட்டிருக்கிறா. அக்கா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், புருஷன், பூசை என்றிருக்கிறாள். கிழவி கையை நெஞ்சில் வைத்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டா. ஒன்றும் தெரியாத மனுஷி கேட்டுத் தெரிந்துகொண்டா.

எரிந்து மிச்சமான கரித்துணியையும் கருகிய எள்ளையும் குப்பையில் போட அக்காவுக்கு மனம் வரவில்லை. காலில் மிதிபடக் கூடாது. ஆகவே வளவின் அந்தலையில், ரோசா மரத்தடியில் கிண்டிப் புதைத்தாள். செய்தது அவ்வளவும்தான்.

அந்த மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஏறி, வலிப்பு வந்து, கண் மேலே போய்விட்டது. அக்காவின் மடியில்தான் வந்தது. அவள் செருப்பும் போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, பக்கத்து வீட்டுக் கிழவியின் கதவைத் தட்ட, கிழவி அம்புலன்ஸுக்கு ரெலிபோன் அடித்தா. ஆஸ்பத்திரியில் டொக்டர், சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கூடினால் இப்படி வரும், வளர வளர மாறிவிடும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். குழந்தை அடுத்த நாளே சோறு கேட்டது.

பிறகுதான் நரி வந்தது. லண்டனில் நரி வளவுக்குள் வருவது புதினமில்லை. நல்லெண்ணெய் மணத்துக்கு வந்து ரோசா மரத்தடியைக் கிண்டியிருக்கிறது. காலையில் அண்ணி உடுப்புக் காயப்போட வந்தபோது புல்லெல்லாம் பாதி கருகிய கறுத்தத் துணி முடிச்சுகள்.

அக்கா அப்போது குசினியில் குழந்தைக்குச் சோறு தீத்திக்கொண்டு இருந்தாள். அண்ணி அவளைத் தாண்டிக்கொண்டுதான் உள்ளே வந்தாள். என்ன இது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேரே ரெலிபோனை எடுத்துப் பாஸ்டருக்கு அடித்தாள்.

பாஸ்டர் வந்தார், பாஸ்டரம்மா வந்தா, இன்னும் சிலர் வந்தார்கள். ரப்பர்க் கையுறை போட்டுக்கொண்டு, இறைச்சி வாட்டுகிற இடுக்கியால் பொட்டலங்களைத் தூக்கி, சுப்பர்மார்க்கெட் பையில் போட்டார்கள். பாஸ்டர் பையைக் காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு அதற்கு மேலே கையை வைத்துச் செபம் பண்ணினார். அக்கா குசினி வாசலில் குழந்தையோடு நின்று பார்த்தாள். இது எள்ளெண்ணெய் எரிச்சது, அவருக்காக எரிச்சது என்று சொல்லியிருக்கிறாள். ஒருவரும் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. பாஸ்டரம்மா வந்து அவளுடைய கையிலிருந்து குழந்தையை வாங்கினா. குழந்தை கத்தியது.

அந்த வளவில் நின்ற அத்தனை பேரும் யாழ்ப்பாணம். பாஸ்டர் சபைக்கு வந்தது வளர்ந்த பிறகு. ஊரில் அவருடைய வீட்டுக்கும் சனீஸ்வரன் கோயிலுக்கும் இடையில் ஒரு பனங்காணிதான் தூரம் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேரின் தாய்மாரும் எள்ளெரித்தவர்கள். இது தெரியாத சனம் பயந்தால் நான் மன்னித்திருப்பேன். தெரிந்துகொண்டு பயந்தார்கள்.

அடுத்த ஞாயிறு அண்ணி சாட்சி சொன்னாள். குழந்தையின் வலிப்பையும் பொட்டலத்தையும் ஒன்றாகக் கட்டினாள். காய்ச்சல் கூடினால் வலிப்பு வரும் என்று டொக்டர் சொன்னதெல்லாம் ஒருவருக்கும் கணக்கில் இல்லை. பிறகு வரிசையாக எழும்பினார்கள். ஒருத்திக்கு அக்கா தந்த வடையைத் தின்ற நாள்தொட்டு நாரி உளைவு, இடுப்பு நோ. இன்னொருத்தியின் ஜன்னலில் ஒரு காகம் வந்து வந்து இருக்கிறதாம். ஒரு தடியன், கார் ஓடுகிற சோதனையில் திரும்பத் திரும்பத் தவறுகிறவன், இப்போதுதான் காரணம் தெரிகிறது என்றான். அவனுக்குக் கிளச்சை விடத் தெரியாது. முழு ஈலிங்கும் ஈஸ்ட் ஹாமும் அறியும்.

அண்ணன் என்னிடம் தோர்ண்டன் ஹீத்துக்கு வந்தான். வேலை உடுப்போடு, சோபாவின் விளிம்பில் இருந்தான். பாஸ்டர் ஒரு வழி சொல்லியிருக்கிறாராம். அக்கா வாற ஞாயிறு சபைக்கு முன்னால் பாவத்தை அறிக்கை செய்து, பொட்டை அழித்தால், சபை அவளை ஏற்றுக்கொள்ளும். வீட்டில் இருக்கலாம், குழந்தையைப் பார்க்கலாம். இல்லையென்றால் அந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை, குழந்தையைத் தொடக் கூடாது. நான் அக்காவோடு கதைக்க வேண்டுமாம்.

"அண்ணை, அது என்னெண்டு உங்களுக்குத் தெரியாதே?" என்றேன்.

"தெரியும்."

"அம்மா உங்களுக்கு எரிச்சவ."

"ஓம்."

"பிறகு?"

தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு இருந்தான். "எனக்குத் தெரிஞ்சு என்ன. அவை எல்லாரும் அப்பிடிச் சொல்லுகினம். நான் மட்டும் இல்லையெண்டு எழும்பினால், நானும் சேர்ந்து செய்தனான் எண்டுவினம்."

"எண்டால் எண்டிட்டுப் போகட்டும்."

"உனக்கென்ன, நீ ஆற்றுக்கு அங்கால இருக்கிறாய். எங்களுக்கு அந்தச் சனம்தான் சனம்."

என் மனுசன் அப்போது குறுக்கிட்டு, மச்சான், தேத்தண்ணியைக் குடியுங்கோ, அதிலையும் ஏதும் போட்டிருக்கோ எண்டு பாஸ்டரைக் கேட்டிட்டுக் குடியுங்கோ என்றார். அண்ணன் குடிக்காமல் எழும்பிப் போய்விட்டான்.

நான் அடுத்த நாள் போய் அக்காவை என்னோடு வரச் சொன்னேன். அவள் தன் அறையில் இருந்தாள். குழந்தையை அன்று பாஸ்டரம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். கட்டிலில் குழந்தையின் மேற்சட்டை ஒன்று மடித்து வைத்திருந்தது. நான் கத்தினேன். சூனியம் செய்தேன் என்று பொய் சொல்லி அந்த நாய்களோடு இருக்கப்போகிறாயா என்றேன். என்னிடம் அறை இருக்கிறது, என் பிள்ளையும் வயிற்றில் இருக்கிறது, அதை வளர் என்றேன்.

"அது பிறந்தாப் பிறகு வாறன்," என்றாள். "இது இப்ப என்னைத் தேடுமடி. வலிப்பு வந்தால் ஆரு பிடிக்கிறது? அதுகளுக்குப் பிள்ளையைச் சரிச்சுப் படுக்கவைக்கக் கூடத் தெரியாது."

"பொட்டு?"

கட்டிலில் இருந்த மேற்சட்டையைப் பிரித்துத் திரும்ப மடித்தாள். "அவர் வந்தால் நான் சொல்லிக்கொள்ளுறன்," என்றாள்.

அந்த ஞாயிறு நானும் போனேன். கதவருகே நின்றேன். எல்லோரும் வெள்ளை உடுப்பு. அக்காவும் வெள்ளைச் சேலை, அண்ணியின் சேலை. எங்களில் வெள்ளைச் சேலை யார் உடுப்பது என்று அங்கே இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். அவளை முன்னால் கூப்பிட்டு ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். அவளுக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. பாஸ்டர் வாங்கி அவளுடைய வாயருகே பிடித்தார்.

"சகோதரி, செய்ததைச் சபைக்குச் சொல்லுங்கோ."

"நான் சூனியம் செய்தனான்," என்றாள் அக்கா. கடைக்குப் போனேன் என்று சொல்கிற குரல்.

தோத்திரம் என்று சத்தம் கிளம்பியது. கைதட்டினார்கள். அத்தோடு விடுவார்கள் என்று நினைத்தேன். பாஸ்டர் விடவில்லை.

"உங்களுக்கு ஆர் பழக்கினது?"

அக்கா முழித்தாள். இதற்கு அவள் பதில் யோசித்துக்கொண்டு வரவில்லை. மண்டபத்தைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். அவளுக்குப் பொய் ஒன்றுதான் தயாராக இருந்தது. இரண்டாவதற்கு உண்மையைத்தான் சொன்னாள்.

"அம்மா."

அண்ணன் இரண்டாம் வரிசையில் இருந்தான். அவனைப் பெற்ற தாய். அவனுக்காக எரித்த தாய். அப்போது ஊரில் உயிரோடு, ஷெல்லுக்குப் பதுங்கிக்கொண்டு இருந்த தாய். நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். தலையைக் குனிந்தான். பக்கத்தில் இருந்தவன் தோத்திரம் என்றான். அண்ணனும் தோத்திரம் என்றான்.

நான் என்ன கத்தினேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. தூஷணம்தான். இரண்டு பேர் வந்து என்னைக் கதவுக்கு வெளியே தள்ளினார்கள். கதவுக் கண்ணாடிக்கு ஊடாகத்தான் மிச்சத்தைப் பார்த்தேன். பாஸ்டரம்மா ஒரு கடுதாசித் துணியைத் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தா. அக்காவே தன் கையால் அழித்தாள். நல்ல குங்குமம், ஒரு தரத்தில் போகவில்லை. நெற்றி முழுக்கச் சிவப்பாகப் பரவியது. தேய்த்துத் தேய்த்து அழித்தாள். உள்ளே பாட்டுத் தொடங்கிவிட்டது.

திங்கட்கிழமை அண்ணி லீவு. செவ்வாய்க்கிழமை வேலைக்கு வெளிக்கிட்டாள். அக்கா வழக்கம்போலப் பால் கரைத்துவைத்துவிட்டு, குழந்தையைத் தா என்று கையை நீட்டினாள். அண்ணி குழந்தைக்குக் கோட்டைப் போட்டு, தொப்பியைப் போட்டு, தள்ளுவண்டியில் இருத்தி வாரைக் கட்டினாள். பாஸ்டரம்மாவிடம் விடப்போகிறாளாம்.

"நான் தானே பார்க்கிறனான்," என்றாள் அக்கா. "நான் சபையிலை சொல்லிப்போட்டன் தானே."

"அதுதான் மச்சாள்," என்றாள் அண்ணி. "நீங்களே உங்கடை வாயாலை சொன்னனீங்கள். அதுக்குப் பிறகு நான் பிள்ளையை எப்பிடி நம்பி விடுறது?"

கோபமாகச் சொல்லவில்லையாம். அக்கா எனக்கு அதைச் சொன்னபோது, அண்ணியின் முகத்தில் உண்மையான பயம் இருந்தது என்றாள். அண்ணிக்காகக் கதைக்கிறமாதிரிச் சொன்னாள். எனக்கு அது தாங்க முடியவில்லை. நான் சொல்லுகிறேன், சொல்லாமல் இருந்திருந்தால் வீட்டால் கலைத்திருப்பார்கள். சொன்னபடியால் பிள்ளையைப் பறித்தார்கள். இரண்டு வாசலையும் அடைத்துவிட்டுத்தான் அவளை உள்ளே விட்டவர்கள். பாஸ்டர் கொடுத்த வாக்கைப் பற்றி அண்ணன் போய்க் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால், சபை ஏற்றுக்கொண்டது, வீட்டு விஷயம் வீட்டுக்காரர் பாடு என்றிருப்பார்.

குழந்தையின் கட்டிலையும் அண்ணன் தங்கள் அறைக்கு மாற்றினான். குழந்தை சுவருக்கு அந்தப் பக்கம் அவளைக் கூப்பிட்டு அழும். போகக் கூடாது. அக்கா கொஞ்ச நாள் அதையும் கேட்டுக்கொண்டு இருந்தாள். பிறகு ஒரு பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

சபைக்காரர் அங்கேயும் தேடி வந்தார்கள். மற்ற ஊர்ச் சபைகளில் அவள் சாட்சி சொல்ல வேண்டுமாம். முன்னாள் சூனியக்காரி என்றால் சனம் திரளும். என் மனுசன் கதவைத் திறந்து, உங்களுக்கு இப்ப வடை சுட்டுத் தரச் சொல்லட்டோ என்று கேட்டார். போய்விட்டார்கள். அன்றைக்கு அக்கா சிரித்தாள், அதையும் சொல்லவேண்டும்.

என் மகன் பிறந்தான். வளர்த்தாள். நன்றாகத்தான் வளர்த்தாள். ஆனால் ஒருநாளும் அவனைக் கழுத்துக்குள் முகம் புதைக்க விடவில்லை. தூக்கினால் கொஞ்சம் தள்ளித்தான் பிடிப்பாள். நாங்கள் கடைக்குப் போய் வந்தால் உடனே எங்கள் கையில் தந்துவிடுவாள். பொட்டும் வைக்கவில்லை. நான் குங்குமச் சிமிழை வாங்கி அவளுடைய கண்ணாடிக்கு முன்னால் வைத்தேன். அது அப்படியே இருந்தது. ஏனென்று ஒருநாள் சண்டை பிடித்தேன்.

"நானே அழிச்சனான்," என்றாள். "அழிச்சாப் பிறகு ஆருக்கெண்டு வைக்கிறது?"

அடுத்த புரட்டாதிக்கு எள்ளு வாங்கவில்லை. அதற்கு அடுத்த புரட்டாதிக்கும் இல்லை. அத்தானைப் பற்றிக் கதைப்பதை நிறுத்தினாள். முன்பெல்லாம் 'அவர் வந்தால்' என்பாள். பிறகு 'அவர் இருந்தபோது' என்றாள். ஆமி அவரை என்ன செய்ததோ எனக்குத் தெரியாது. என் அக்காவுக்கு அவரைச் சாகடித்தது குட்மேய்ஸ் சபை.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தச் சபை இரண்டாக உடைந்தது. மண்டபத்தைப் பூட்டுகிற திறப்பு யார் கையில் இருப்பது என்று சண்டை. பொலிஸ் வந்ததாம். பாஸ்டர் கனடாவுக்குப் போய்விட்டார் என்றார்கள். சனம் கலைந்தது. சிலர் வேறு சபைகளுக்குப் போனார்கள், சிலர் சும்மா இருந்தார்கள், பலர் சத்தமில்லாமல் திரும்பக் கோயிலுக்கு வந்தார்கள். அதற்குள் லண்டனில் கோயில்கள் முளைத்திருந்தன. அண்ணன் ஒரு கோயிலில் நிர்வாக சபை உறுப்பினன். திருவிழாவுக்கு வேட்டி கட்டி, சால்வை போட்டு, ஒலிவாங்கியில் கார் நிறுத்துவது பற்றி அறிவிக்கிறவன் அவன்தான். ஒலிவாங்கியை நன்றாகப் பிடிப்பான்.

ஒரு புரட்டாதிச் சனிக்கிழமை நான் என் மகனுக்காக அந்தக் கோயிலுக்குப் போனேன். அக்கா வரமாட்டேன் என்றாள். பெடியனைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே நவக்கிரகத்தடியில் நீண்ட வரிசை. எல்லோருடைய கையிலும் எள்ளுப்பொட்டலம். இப்போது வீட்டில் கட்டத் தேவையில்லை, கோயிலே கட்டி, எண்ணெயில் ஊறவைத்து, தட்டில் அடுக்கிவைத்திருந்தது. வரிசையில் முன்னால் நின்றவளைப் பார்த்தால், நாரி உளைவுக்காரி. என்னைக் கண்டு சிரித்தாள். கார் சோதனைக்காரனும் நின்றான். அவன் அப்போது மினிகாப் டாக்சி ஓடிக்கொண்டிருந்தான்.

அண்ணன் எங்களைக் கண்டு வந்தான். அண்ணியும் பட்டுச் சேலையும் பொட்டுமாகப் பின்னால் வந்தாள். கூட அந்தப் பிள்ளை. நல்ல உயரம், இரட்டைப் பின்னல். அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கை கொஞ்சம் எழும்பி, திரும்ப இறங்கியது. தாய் முதுகில் தட்டியதும் பிள்ளை எல்லோருக்கும் சொல்கிற மாதிரி, "ஹலோ ஆன்டி" என்றது. காய்ச்சல் வந்தால் இன்னும் வலிப்பு வருகிறதோ என்று அக்கா கேட்டாள். பிள்ளைக்கு விளங்கவில்லை. அண்ணி, அது சின்னனிலேயே நிண்டிட்டுது மச்சாள் என்றாள். மச்சாள் என்றாள், நேற்றுக் கண்டு பிரிந்த மாதிரி.

அண்ணன் தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான். எண்ணெய் அவனுடைய விரலால் வழிந்து வேட்டியில் சொட்டியது.

"அக்கா, நீயும் ஒண்டு ஏத்து."

அக்கா அந்தக் கறுத்த முடிச்சைப் பார்த்தாள். பிறகு அவனுடைய முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு வெறும் நெற்றி. கோபம் இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்கிறவள் மாதிரிக் கேட்டாள்.

"ஆருக்கு?"

பின்னால் வரிசை தள்ளியது. அவன் திரும்பிப் போய் அந்தப் பொட்டலத்தைத் தானே சட்டியில் வைத்துக் கொளுத்தினான். அவனுக்கு அந்த வருஷம் ஏழரைச் சனி தொடங்குகிறதாம், அண்ணி பிறகு சொன்னாள்.

நாங்கள் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. வெளியில் மதிலில் யாரோ காகத்துக்கு வைத்த சோற்றை ஒரு அணில் தின்றுகொண்டிருந்தது. என் மகன் கலைக்க ஓடினான். அக்கா அவனைக் கூப்பிட்டு நிறுத்தினாள். தின்னட்டும், விடு என்றாள்.